அபிநயாவுக்கு யார் ஊட்டுவது

திங்கட்கிழமை காலையில் குன்னம் பக்கத்திலிருந்து பெரம்பலூருக்கு வரும் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட் செங்கமலம் அக்காவுக்கும் அவர் மகள் அபிநயாவுக்கும் என்று ஆகியிருந்தது. அதைச் சட்டமாக யாரும் போடவில்லை. முதல் தடவை வேறு சீட்டில் உட்காரவைத்தபோது அபிநயா காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். "இறக்கி விடும்மா, மத்தவங்க வர வேணாமா?" என்றார் கண்டக்டர். செங்கமலம் அக்கா இறங்கினார். ஆனால் படியை விட்டு நகரவில்லை. பஸ் கிளம்ப முடியாமல் நின்றது.

"எம்மவ குடிச்சிட்டுக் கத்தலைங்க. காது வலிக்குதுன்னு கத்துறா. இஞ்சின் பக்கத்துல ஒரே மாதிரி சத்தம் வரும், அங்க உக்கார வச்சா ஊர் வர்ற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டா. செஞ்சு பாருங்க. கத்துனா நானே எறங்கிக்கிறேன்."

செய்து பார்த்தார்கள். அபிநயா பெரம்பலூர் வரை கன்னத்தை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸோடு சேர்ந்து மெல்ல முனகிக்கொண்டே வந்தாள். அதிலிருந்து அந்த சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் கண்டக்டரே எழுப்பிவிடுவார்.

செங்கமலம் அக்காவுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. பருத்தி எடுக்கவும், சின்ன வெங்காயம் ஆயவும் கூலிக்குப் போவார். அவர் கணவர் குழந்தைவேல் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறவர். விடிவதற்கு முன் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அபிநயா ஒரே பிள்ளை. எனக்கு அவள் அறிமுகமானபோது வயதுக்கு வந்திருந்தாள். பேச்சு கிடையாது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள், ஆனால் பக்கத்து வீட்டில் மிக்சி போட்டால் எழுந்து ஓடுவாள். தயிர்சோறு மட்டும் சாப்பிடுவாள், அதுவும் அம்மா உருட்டி ஊட்டினால் மட்டும். தட்டில் வைத்துக் கொடுத்தால் தொடமாட்டாள். வேறு யார் கை நீண்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிவிடுவாள்.

நான் எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். சிறப்புக் கல்வி படித்துவிட்டு, இந்த மாதிரிப் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையில் ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தேன். "பேசாத புள்ளைக்கு நீ என்னத்தச் சொல்லிக் குடுப்ப?" என்று என் அம்மா கேட்டார். களை பறிக்கப் போய்ப் படிக்கவைத்தவர் கேட்கும் கேள்வி அது. அதற்கு ஒரு நல்ல பதில் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் செங்கமலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் முறத்தில் இருந்த வெங்காயத்தைத் தள்ளிவைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டீச்சரா? திங்கக்கிழமை வந்துராதீங்க. அன்னிக்கு நாங்க வூட்ல இருக்க மாட்டோம். சிறுவாச்சூரு போயிருவோம். நீங்களும் அங்க வந்தீங்கன்னா பத்துப் புள்ளைங்கள ஒரே எடத்துல பாத்துரலாம்."

சிறுவாச்சூர் காளி கோயிலில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள். வேண்டிக்கொண்ட பெண்கள் ஊறவைத்த அரிசியை அங்கேயே கொண்டுவந்து, உரலில் போட்டு இடித்து, மாவிளக்குப் போடுவார்கள். மகளுக்குப் பேச்சு வர வேண்டும் என்று செங்கமலம் அக்காவும் முதலில் அப்படித்தான் போனார். கூட்டத்துக்குப் பயந்து அலறிக்கொண்டிருந்த அபிநயா, உலக்கைச் சத்தம் கேட்டதும் அடங்கி, உரலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து தரையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாளாம். பக்கத்தில் ஒரு பெரிய பையன் வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். அவன் அம்மா ரெங்கம்மாள், கோயில் வாசலில் தேங்காய், எலுமிச்சைப் பழம், மாலை விற்கிறவர். அவர் அபிநயாவைக் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார்.

"ஏ ஆயி, உன் புள்ளையும் இப்படியா?"

"எப்படி?"

"என் புள்ள மாதிரி."

மகளைப் பெற்று அத்தனை வருடம் ஆகி, அன்றைக்குத்தான் ஒரு ஆள் தன்னிடம் வெட்கப்படாமல் அதைக் கேட்டதாகச் செங்கமலம் அக்கா சொன்னார். அந்த அம்மாள் தன் மகன் அறிவரசனைப் பற்றிச் சொல்லச் சொல்ல, இவர் அரிசி இடிப்பதை நிறுத்திவிட்டு அழுதாராம்.

இப்படிச் சேர்ந்ததுதான் அந்தக் கூட்டம். அரியலூரிலிருந்து சாந்தா என்ற ஒரு தையல்காரப் பெண் வந்தார். வேப்பந்தட்டைப் பக்கமிருந்து இரண்டு பேர், ஆண்டிமடத்திலிருந்து பஸ் மாறி மாறி ஒருவர். எல்லாருக்கும் கோயில்தான் வசதி. "ஆட்டிசம் புள்ளைங்களோட கூட்டத்துக்குப் போறேன்னு சொன்னா எம்மாமியா வாசப்படி தாண்ட வுடாது. காளியாத்தாகிட்ட போறேன்னா அதுவே பஸ்ஸுக்குக் காசு குடுத்து அனுப்பிச்சுரும்" என்று சாந்தா அக்கா சொல்வார். உரலைச் சுற்றி உட்கார்ந்து மாற்றி மாற்றி இடித்துக்கொண்டே பேசுவார்கள். பல் தேய்க்க விடாத பிள்ளையை எப்படித் தேய்க்கவைப்பது, தீட்டு நாளில் பெண் பிள்ளைக்குத் துணி எப்படி மாற்றுவது, கல்யாண வீட்டுக்குக் கூப்பிடாத அண்ணனை என்ன செய்வது. நான் பாடத்தில் படித்ததைச் சொல்ல வாயைத் திறந்தால், "இரு டீச்சரு, இவ முடிக்கட்டும்" என்பார் ரெங்கம்மாள்.

செங்கமலம் அக்காவின் ஊரில் அவரைக் கேலி செய்கிறவர்களும் இருந்தார்கள். ஒரு நாள் நான் இருக்கும்போதே பக்கத்து வீட்டு மருதாயி கேட்டார்: "வாரம் தவறாம மாவு இடிக்கிறியே, உம்மவ பேசிட்டாளா?"

"பேசத்தான் போறா. முத பேச்சே உன் வூட்டுச் சமாச்சாரத்தச் சொல்லிட்டான்னா என்ன பண்றதுன்னுதான் ஆத்தா யோசிச்சிக்கிட்டு இருக்கா" என்றார் இவர். மருதாயிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திங்கட்கிழமை என்பதற்கு இன்னொரு பயனும் இருந்தது. அன்றுதான் கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். பேச்சுப் பயிற்சி வேண்டும் என்றால் அப்போதெல்லாம் எங்கள் பிள்ளைகள் திருச்சிக்குத்தான் போக வேண்டும். ஒரு நாள் கூலி போய், பஸ் நெரிசலில் பிள்ளை துவண்டு, அங்கே போய்ச் சேரும்போது பயிற்சி எடுக்கிற நிலையில் இருக்காது. பெரம்பலூரிலேயே ஒரு ஆளைப் போடுங்கள் என்று கேட்க, கோயிலிலிருந்து நேராக எல்லாரும் பிள்ளைகளோடு போனார்கள். நெற்றியில் குங்குமமும் கையில் மாவிளக்கு மாவுமாக வரிசையில் நின்றார்கள். அறிவரசன் நாற்காலிகளைச் சுற்றி நடந்தான். ஒரு பிள்ளை மேஜையில் இருந்த பேனாக்களை எல்லாம் ஒரே திசையில் அடுக்கியது.

"கொழந்தைங்கள ஏம்மா கூட்டிட்டு வந்தீங்க? உங்களுக்குத்தானே சிரமம்" என்று அங்கிருந்த அதிகாரி ஒருவர் நல்லவிதமாகத்தான் கேட்டார்.

"சார், வூட்ல வச்சுப் பூட்டிட்டு வந்து மனு குடுத்தா, நாங்க யாரப் பத்திப் பேசுறோம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் செங்கமலம் அக்கா. "பாத்துக்குங்க. இதுதான் எம்மவ. பேரு அபிநயா. நீங்க பேரச் சொன்னா திரும்ப மாட்டா, ஆனா நீங்க சொன்னது அவளுக்குத் தெரியும்."

பல திங்கட்கிழமைகளுக்குப் பிறகு பெரம்பலூரில் ஒரு அறையும், வாரத்துக்கு இரண்டு நாள் வரும் ஒரு பயிற்சியாளரும் கிடைத்தார்கள். அன்று மாவிளக்கு மாவில் வெல்லம் கூடுதலாக விழுந்தது.

இதையெல்லாம் செய்தவரிடம் ஒரு கேள்வி மட்டும் இருந்தது. இந்த மாதிரிப் பிள்ளை இருக்கும் எல்லா வீட்டிலும் இருக்கும் கேள்விதான். மற்றவர்கள் அதை எப்போதாவது கேட்பார்கள், பிறகு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். செங்கமலம் அக்காவால் அப்படித் தள்ளிவைக்க முடியாமல் போனது. வயிற்று வலி என்று திருச்சிக்குப் போனவர், கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று திரும்பி வந்தார். அது பரவியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை உரலுக்குப் பக்கத்தில் அதைச் சொன்னார். யாரும் உலக்கையைத் தொடவில்லை. "எனக்குச் சாவுறதுல ஒண்ணுமில்ல" என்றார். "எனக்கப்புறம் இவ யார் கையில சாப்புடுவா? அதுக்கு ஒரு வழி சொல்லுங்க. அழுவுறதுன்னா அப்பறம் அழுவலாம்."

ரெங்கம்மாள்தான் பேசினார். "என் கையில சாப்புடட்டும். ஒண்ணுக்கு ரெண்டு. என் வூட்ல ஏற்கெனவே ஒருத்தன் சுத்திக்கிட்டுத்தான் இருக்கான்."

"சாப்புட மாட்டாளே."

"பழக்குவோம். கன்னுக்குட்டி என்ன, பொறந்தப்பவே புண்ணாக்கா திங்குது?"

பழக்கினார்கள். அந்த மாதங்களை நான் கிட்டே இருந்து பார்த்தேன். முதலில் ரெங்கம்மாள் குன்னம் பக்கம் வந்து, செங்கமலம் அக்கா ஊட்டும்போது சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பிறகு ரெங்கம்மாள் சோற்றை உருட்டிக் கொடுக்க, அம்மா ஊட்டினார். பிறகு ரெங்கம்மாளின் கைமேல் அம்மாவின் கை இருந்தது. ஒரு நாள் அம்மா தன் கையை மெல்ல எடுத்தார். அபிநயா ரெங்கம்மாளின் விரல்களை முகர்ந்து பார்த்தாள். எலுமிச்சையும் கதம்பமும் மணக்கும் கை. வாயைத் திறந்தாள். செங்கமலம் அக்கா எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார்.

அடுத்து, அபிநயா சிறுவாச்சூரில் ரெங்கம்மாள் வீட்டில் பகலில் தங்கிப் பழக வேண்டும். விட்டுவிட்டு வரும்போது செங்கமலம் அக்கா மகளின் இரண்டு கன்னத்திலும் உள்ளங்கையை அழுத்திவைத்து ஒரே வார்த்தையைச் சொல்வார்: "பொழுது சாய அம்மா வந்துருவேன்." சொன்னபடி வருவார். சிகிச்சைக்குப் போய்விட்டு வாந்தி எடுத்துக்கொண்டே பஸ் ஏறி வந்த நாள்கள் உண்டு. முடி கொட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ரோட்டோரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்து வந்த நாளும் உண்டு. ஒரு நாளும் தவறியதில்லை.

"இன்னிக்கு ஒரு நாளு ராத்தங்கட்டுமே ஆயி. நீ இருக்குற இருப்புக்கு எதுக்கு வர்ற?" என்று ரெங்கம்மாள் கடிந்துகொள்வார்.

"சொன்ன சொல்லு தவறக் கூடாதுக்கா. அவளுக்குக் கடிகாரம் தெரியாது, காலண்டர் தெரியாது. எஞ்சொல்லுதான் தெரியும். அது ஒரு நாளு பொய்யாப் போச்சுன்னா அவளுக்குப் புடிச்சுக்க என்ன இருக்கு?"

மாலையில் ரெங்கம்மாளின் வீட்டு வாசலில் அபிநயா நிற்பாள். அம்மா வருவதைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் சிறகு மாதிரி உதறுவாள். எங்களுக்கெல்லாம் பெருமையாக இருந்தது. சாந்தா அக்கா போனில் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார். இந்தப் பிள்ளையால் அம்மாவை விட்டு இருக்க முடிகிறது, வேறு கையில் சாப்பிட முடிகிறது, வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தோம்.

மாசி மாதத்தில் செங்கமலம் அக்கா படுத்துவிட்டார். மருத்துவமனையில், வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர் ரெங்கம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னது எனக்குத் தெரியும், நானும் அங்கே இருந்தேன். எங்கள் பக்கத்துச் சாவு வீட்டில் மேளம் அடிப்பார்கள், வழியெல்லாம் வெடி போடுவார்கள். பெண்கள் வட்டமாக நின்று மாரடித்து அழுவார்கள். மிக்சிச் சத்தத்துக்கே ஓடுகிற பிள்ளை அதில் நிற்காது. "நான் போறதுக்கு முன்னாடி அவளக் கூட்டிட்டுப் போயிருங்க. எல்லாம் முடிஞ்சு, பந்தல் பிரிச்ச பின்னாடி கூட்டிட்டு வாங்க. எஞ்சாவால எம்மவ காது வலிக்கக் கூடாது."

குழந்தைவேல் அண்ணன் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பெத்த புள்ள வாக்கரிசி போட வேணாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அரிசிய அவ தட்டுலயே தொட மாட்டா. என் வாயிலயா போடப் போறா?" என்றார் அக்கா. சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது.

சில நாள் கழித்து ஒரு காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து ரெங்கம்மாள் வந்தார். அபிநயா வரமாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். மூச்சுத் திணறிக்கொண்டிருந்த அம்மாவின் கை எழுந்தது. மகள் குனிந்து தன் கன்னத்தை அதில் கொண்டுவந்து வைத்தாள். அந்த வார்த்தையைச் சொல்லாவிட்டால் அவள் கிளம்பமாட்டாள். அக்கா அதைச் சொன்னார்.

"பொழுது சாய அம்மா வந்துருவேன்."

கட்டில் காலை விட்டுவிட்டு அபிநயா ஆட்டோவில் ஏறினாள். மத்தியானம் செங்கமலம் அக்கா போய்விட்டார்.

மேளம் அடித்தார்கள், வெடி போட்டார்கள். திங்கட்கிழமைக் கூட்டத்துப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், ரெங்கம்மாளைத் தவிர. மருதாயிதான் எல்லாரையும்விடப் பெரிதாக அழுதார். மறுநாளே, வழக்கப்படி அக்கா படுத்திருந்த பாய், தலையணை, கடைசியாகக் கட்டியிருந்த துணி எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். வீட்டை அலசிவிட்டார்கள்.

அங்கே சிறுவாச்சூரில், அக்கா போன அன்று பகலில் அபிநயா ரெங்கம்மாள் கையில் சாப்பிட்டாள். மாலையில் வாசலுக்கு வந்து நின்றாள். இருட்டியது. அவள் உள்ளே வரவில்லை. இழுத்தபோது தன் கையைக் கடித்துக்கொண்டாள். கடைசியில் வாசலிலேயே உட்கார்ந்தபடி தூங்கிப்போனாள். மறுநாள் காலையில் ரெங்கம்மாள் சோற்றை உருட்டிக்கொண்டு வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பினாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். தண்ணீர் மட்டும் குடித்தாள். பொழுது சாயும்போதெல்லாம் வாசலுக்குப் போனாள். வாசலில் நின்றவள் தெருமுனைக்குப் போனாள். ஒரு மாலை, தெருவைத் தாண்டி லாரிகள் பறக்கும் நான்குவழிச் சாலை ஓரம் வரைக்கும் போய்விட்டாள். எலுமிச்சைக் கூடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்து இழுத்தார் ரெங்கம்மாள்.

நான் போனபோது அவர் கையில் பல் தடம் பதிந்திருந்தது.

"டீச்சரு, நாம இந்தப் புள்ளைக்கு என்ன கத்துக் குடுத்தோம்?" என்று கேட்டார். "எங்கையில சாப்புடக் கத்துக் குடுத்தோம்னு நெனச்சோம். அவ அதக் கத்துக்கல. எங்க வுட்டுட்டுப் போனாலும் பொழுது சாய ஆத்தாக்காரி வந்துருவான்னு கத்துக்கிட்டா. அத நம்பித்தான் எங்கையில சாப்புட்டிருக்கா. ஒரு நாளாவது அவ வராம இருந்திருக்கணும். நாந்தான் சொன்னேனே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை நாளும் நாங்கள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒருமுறைகூடத் தவறாமல் வந்ததுதான் அவளுக்கு நாங்கள் நடத்திய பாடம். அது நன்றாகப் படிந்துவிட்டது.

அதற்குள் உறவில் பேச்சு ஆரம்பித்திருந்தது. குழந்தைவேல் அண்ணனின் தமையன் கிருஷ்ணமூர்த்தி, "திருச்சியில ஹோம் இருக்கு, கொண்டுபோய் வுட்ரு. நீ லாரி ஓட்டுவியா, பொம்பளப் புள்ளைக்குத் துணி மாத்துவியா?" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் கேட்டதில் தப்பும் இல்லை. குழந்தைவேல் அண்ணனுக்குத் தன் மகளைப் பற்றி என்னென்ன தெரியும் என்று திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லாருக்கும் சந்தேகம் இருந்தது. எனக்கும் இருந்தது. திங்கட்கிழமைகளில் அவரை ஒருநாளும் கோயிலில் பார்த்ததில்லை.

அடுத்த திங்கட்கிழமை உரலடியில் யாரும் மாவு இடிக்கவில்லை. பிள்ளையை டாக்டரிடம் காட்டி ஊசி மூலம் சத்து ஏற்றியிருந்தார்கள். அபிநயா ஒடுங்கிப்போய், ரெங்கம்மாளின் கடைப் பெஞ்சில் ரோட்டைப் பார்த்தபடி இருந்தாள். அவளிடம் அம்மா இனி வரமாட்டாள் என்று எப்படிச் சொல்வது? படம் காட்டலாமா என்றேன் நான். பாடத்தில் அப்படித்தான் இருந்தது. சாவைப் படம் போட்டு விளக்கும் அட்டைகள்கூட உண்டு. சாந்தா அக்கா என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"அவ படத்தப் பாத்தா கத்துக்கிட்டா? அவங்கம்மா வந்தாங்க, அதப் பாத்துக் கத்துக்கிட்டா. வராம போறதையும் அப்படித்தான் பாக்கணும். அவங்கள வச்ச எடத்துக்குக் கூட்டிட்டுப் போவோம். பொழுது சாயற வரைக்கும் அங்க இருக்கட்டும்."

எங்கள் பக்கத்தில் பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. பாடை தெருமுனை தாண்டும்போது பெண்கள் அழுதுகொண்டே நின்றுவிடுவார்கள். அதற்கு மேல் ஆண்கள்தான். அபிநயாவை அவள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ஊரில் விஷயம் தெரிந்தபோது நாங்கள் நினைத்தபடியே ஆனது. "வயசுக்கு வந்த புள்ளய சுடுகாட்டுக்கா? கோயிலுக்குப் போயி போயி உங்களுக்கெல்லாம் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று கிருஷ்ணமூர்த்தி வாசலில் நின்று கத்தினார். "ஊர் என்ன சொல்லும்?"

குழந்தைவேல் அண்ணன் தலையைக் குனிந்தபடி செருப்பை மாட்டினார். "நீ வுடுண்ணே" என்றார். "ஊரு சொல்லுதேன்னு எம்பொண்டாட்டி பஸ்ஸ வுட்டு எறங்குனாளா? நானே கூட்டிட்டுப் போறேன். வழி எனக்குத்தான் தெரியும்."

ஆளுக்கொரு பக்கம் அபிநயாவைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். சோளத்தட்டை அறுத்த காட்டின் வரப்பில், கருவேல முள்ளுக்கு நடுவே போகும் பாதை. ஊர் எல்லையில் சில பெண்கள் நின்றுவிட்டார்கள். அவர்களை யாரும் குறை சொல்லவில்லை. மருதாயி நின்ற இடத்தில் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கள் பின்னால் வந்தார்.

மண்மேடு இன்னும் அமுங்கவில்லை. மேலே காய்ந்த மாலைகள் கிடந்தன. குழந்தைவேல் அண்ணன் மகளின் கையைப் பிடித்து மண்ணில் வைத்தார். "அம்மா இங்கதான் இருக்கு பாப்பா" என்றார். அபிநயா கையை எடுத்து முகர்ந்தாள். மண்ணை உதறினாள். ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்த பாதையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

நாங்களும் உட்கார்ந்தோம். தூரத்தில் கல் லாரிகள் போய்வந்துகொண்டிருந்தன. வெயில் தாழ்ந்தது. ஆடு ஓட்டிக்கொண்டு ஒருவர் அந்தப் பாதையில் வந்தார். அவர் தலை தெரிந்ததும் அபிநயா எழுந்து நின்று இரண்டு கைகளையும் உதறினாள். அவர் கடந்து போனதும் கைகள் அப்படியே நின்றன. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான காரியம். இப்படி ஒரு பிள்ளையை வேண்டுமென்றே ஏமாற்றத்தில் உட்காரவைக்க நமக்கு என்ன உரிமை என்று தோன்றியது. எழுந்து போய்விடலாம் என்று ரெங்கம்மாளிடம் சொன்னேன். அவர் என் தொடையில் கையை வைத்து அழுத்தினார்.

பொழுது சாய்ந்தது. பாதை மங்கியது. யாரும் வரவில்லை.

அபிநயாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. காது வலிக்கும்போது வரும் அலறல் இல்லை அது. மெல்லியதாக, இழுத்து, அடங்கி, மறுபடியும் வந்தது. அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை. கண்ணீர் வந்தது. மருதாயி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார். அன்றைக்கு அங்கே அபிநயாவைத் தவிர யாரும் சத்தம்போட்டு அழவில்லை. நாங்கள் அழுதால் அவளுக்குக் காது வலிக்கும்.

திரும்பும்போது அவளை யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் ரெங்கம்மாள் தயிர்சோறு பிசைந்து உருண்டை நீட்டினார். திரும்பிக்கொண்டாள். குழந்தைவேல் அண்ணன் நீட்டினார். அப்போதும் திரும்பிக்கொண்டாள். தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு எல்லாரும் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் காலையில் எனக்குப் போன் வந்தது. நேரில் வாங்க என்றார் அண்ணன், வேறு எதுவும் சொல்லவில்லை. பயந்துகொண்டே போனேன். அபிநயா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. ஐந்து விரலையும் சேர்க்கத் தெரியாமல், சோற்றைக் கையில் அள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள். பாதி மார்பில் விழுந்தது. மீதி உள்ளே போனது. மறுபடியும் அள்ளினாள். எங்களில் யாரும் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததில்லை.

அவள் புரிந்துகொண்டாளா, பசி தாங்காமல் கையை நீட்டினாளா, எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கும் படிப்பு என்னிடம் இல்லை. மாலையில் அவள் வாசலுக்கு வருவது இப்போது குறைந்திருக்கிறது, முழுதாக நின்றுவிடவில்லை. ஹோம் பேச்சு அடங்கியிருக்கிறது, முடியவில்லை. குழந்தைவேல் அண்ணன் டிப்பரை விட்டுவிட்டு, உள்ளூரில் டிராக்டர் ஓட்டுகிறார். அவர் வேலைக்குப் போகும் நாள்களில் அவள் சிறுவாச்சூரில் இருக்கிறாள். விட்டுவிட்டு வரும்போது எந்த வார்த்தையும் சொல்லக் கூடாது என்று ரெங்கம்மாள் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

அன்று காலையில் அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை குழந்தைவேல் அண்ணன் வாசற்படியிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"அவ அம்மா இருந்திருந்தா ஊட்டி வுட்டுக்கிட்டேதான் இருந்திருப்பா. இவ கையாலயே இவ சாப்புடுறா. நல்லதுதானே டீச்சரம்மா?"

நல்லதுதான் என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. ரெங்கம்மாள் இருந்தார், சாந்தா அக்கா இருந்தார். அவர்களும் என்னைப் போலவே அபிநயாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.